தொகினை அணியின் அஞ்சாவது ஆள்

"ஜெயிச்சா ஆளை மாத்தக் கூடாதாம். தோத்தா ஆளை மாத்த முடியாதாம். அப்ப நான் எப்பதான் ஆடுறது?"

யொனேகுரா சிஹோ இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்னாள் என்பதற்குத் தொகினை ஊரில் கணக்குக் கிடையாது. சிப்பித் தொழிற்சாலையில் ஓட்டுக்குள் கத்தியை விட்டுத் திருப்பும்போது சொல்வாள். 'ஜெயிச்சா'வுக்கு ஒரு சிப்பி, 'தோத்தா'வுக்கு ஒரு சிப்பி, 'எப்பதான் ஆடுறது'க்கு இரண்டு. தபால் நிலையத்தில் ஸ்டாம்ப்பை நாக்கில் வைத்து நனைப்பதற்கு முன்னால் சொல்வாள். பல் டாக்டரிடம் வாயைப் பிளந்து வைத்துக்கொண்டும் சொல்லியிருக்கிறாள்: "ஹெயிச்சா ஆஹை ஆத்தக் ஹூஹாதாம்." டாக்டரும் ஊர்க்காரர்தானே. "தோத்தா மாத்த முடியாதாம், தெரியும். வாயை இன்னும் கொஞ்சம் திறங்க" என்றாராம்.

கர்லிங் அணி என்றால் ஆடுவது நாலு பேர். ஒரு சுற்றில் ஆளுக்கு ரெண்டு கல். ஒருத்தி கல்லை ஐஸ் மேல் வழுக்கி விடுவாள், ரெண்டு பேர் அதற்கு முன்னால் பிரஷ்ஷால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள், கல் அந்தக் கோடியில் கேப்டன் பிரஷ்ஷால் காட்டும் வட்டத்துக்குள் போய் நிற்க வேண்டும். எதிரணிக் கல்லைவிட நடுவுக்குக் கிட்டே எத்தனை கல் நிற்கிறதோ அத்தனை புள்ளி. இதெல்லாம் தொகினையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியாத விஷயம், அணியில் அஞ்சாவதாக ஒருத்தி இருக்கிறாள் என்பதுதான். யாருக்காவது அடிபட்டால் உள்ளே போக வேண்டியவள். யாருக்கும் அடிபடாது.

கேப்டன் தோகாஷி மடோகா, சிஹோவைவிட இரண்டு வயது சின்னவள். அதனால் பள்ளிக்கூட நாளிலிருந்தே சிஹோவுக்கு 'சான்' போட்டு, 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவாள். பெரிய கடைகளில் லிஃப்ட்டுக்குள் மாடி எண் சொல்லும் பெண்குரல் இருக்கிறதே, அச்சு அசலாக அந்தக் குரல். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தக் குரலில்தான் கேட்டாள்.

"சிஹோ சான், இந்த ஒரு சீசன் மட்டும் அஞ்சாவதா இருந்து குடுக்கிறீங்களா? உங்களை மாதிரி பொறுமையானவங்க நம்ம அணியில வேற யாருங்க இருக்காங்க?"

சிஹோவுக்கு அப்போது இருபத்துநாலு. அவளைப் பொறுமையானவள் என்று அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. அதற்கு அப்புறமும் சொல்லவில்லை. அந்த ஒரு பொய்யில் விழுந்துவிட்டாள்.

அஞ்சாவது ஆளுக்கு நிஜமான வேலை மற்றவர்கள் ஆடி முடித்த பிறகுதான் தொடங்கும். கல் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒரே எடை, ஒரே மலையில் வெட்டியது. ஆனால் குணம் வேறு. ஒன்று அவசரக்காரி, ஒன்று சோம்பேறி, ஒன்று சீக்கிரம் வளையும், ஒன்று கடைசி வரை வளையவே வளையாது. நாளைக்கு ஆடப் போகும் தளத்தில் இன்றைக்கே இறங்கி, எட்டுக் கல்லையும் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்து, குணம் ஒத்துப்போகிற கற்களை ஜோடி சேர்க்க வேண்டும். காலையில் நாலு பேருக்கும் ஆளுக்கொரு ஜோடி என்று சொல்லித் தர வேண்டும். ஜோடி தப்பினால், கேப்டன் விடும் கடைசிக் கல் ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடும்.

இதில் சிஹோவை அடிக்க ஜப்பானில் ஆள் இல்லை. காலையில் அவள் கல்லைப் பற்றிச் சொல்வது ஊர்வம்பு பேசுவது போலவே இருக்கும்.

"ரெண்டும் ஏழும் அக்கா தங்கச்சி. ஒண்ணு போற இடத்துக்கு இன்னொண்ணும் கண்ணை மூடிட்டுப் போகும். நாலு நம்ம இசாவா சான் மாதிரி, கிளம்புறப்ப ஒரு வேகம், பாதி வழியில டீ குடிக்க நின்னுடும். ஆறு இருக்கே, கடைசி வரைக்கும் நேரா வர்ற மாதிரியே நடிக்கும், வாசல் வந்ததும் ஓரமா ஒதுங்கிடும். என் முன்னாள் புருஷன்."

இசாவா சான் என்பவர் சிப்பித் தொழிற்சாலையில் சிஹோவின் மேலாளர். போட்டிக்குப் போகும்போதெல்லாம் லீவு தருகிறவர். தன் பெயரில் ஒரு கல் உலாவுவது அவருக்குத் தெரியாது.

ஆறாம் நம்பர் எங்கே ஒதுங்கும் என்பது சிஹோ சொல்லித்தான் மடோகாவுக்குத் தெரியும். மறுநாள் பேப்பரில் வருவது மடோகாவின் கடைசிக் கல். சிஹோ டிவியில் வருவது ஒரே ஒரு நேரத்தில்தான். அஞ்சு சுற்று முடிந்து இடைவேளை விடும்போது, தட்டில் உரித்த ஆரஞ்சுச் சுளைகளை எடுத்துக்கொண்டு ஐஸ் ஓரமாக வருவாள். மடோகாவுக்குச் சுளையில் வெள்ளை நார் இருக்கக் கூடாது. "சிரமம் இல்லேன்னா அந்த நாரையும் எடுத்துக் குடுத்துடுறீங்களா, சிஹோ சான்?" சிரமம்தான். எடுத்துக் கொடுப்பாள்.

"தட்டை நல்லாத்தான் தூக்கினே. நேரா, சிந்தாம" என்று அம்மா போனில் சொல்வாள். "ஆனா முகத்தை அப்படி வச்சுக்காதடி. ஆரஞ்சு அழுகிப்போன மாதிரி தெரியுது."

முப்பத்தைந்தாவது வயதில் சிஹோவுக்கு ஒரு பயம் வந்தது. அணியில் முதல் ஆளாக ஆடும் யுகினோவுக்கு வயது இருபத்தொன்று. அவள் முழங்கால் ரப்பர் மாதிரி மடங்குகிறது. சிஹோவின் முழங்கால் கதவுக் கீல் மாதிரி சத்தம் போடுகிறது. இன்னும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. அதற்கப்புறம் யாராவது 'நீங்க கர்லிங் ஆடினீங்களாமே' என்று கேட்டால் என்ன சொல்வது? ஆரஞ்சு உரித்தேன் என்றா?

டிசம்பரில் ஒரு பயிற்சி நாளில் மடோகாவையும் கோச் ஒபாதாவையும் நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"இந்த வருஷம் தேசியப் போட்டியில எனக்கு ஒரு முழு ஆட்டம் வேணும். முதல் கல்லுல இருந்து கடைசிக் கல்லு வரைக்கும். இல்லேன்னா நான் கிளம்புறேன்."

"கண்டிப்பா, சிஹோ சான்" என்றாள் மடோகா. "ஒரு ஆட்டம் உங்களுக்குத்தான். நானே நினைச்சிட்டுத்தான் இருந்தேன்."

ஒபாதா ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்ததை யாரும் கேட்டதில்லை. "அது வந்து... சூழ்நிலை... ம்" என்றார்.

"கோச்சும் சம்மதிச்சிட்டார்" என்று மடோகா மொழிபெயர்த்தாள்.

பிப்ரவரியில் தேசியப் போட்டி. ஒன்பது அணி, அணிக்கு எட்டு ஆட்டம், அதில் முதல் நாலு அணி மேலே போகும். எட்டில் ஒன்று தனக்கு. சிஹோ தினமும் ஷூவை மாட்டிக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

முதல் ஆட்டம். "முதல் ஆட்டம் பாருங்க, எல்லாருக்கும் கை நடுங்கும். பழகின நாலு பேரே இருக்கட்டுமே" என்றாள் மடோகா. ஜெயித்தார்கள்.

இரண்டாவது. "நேத்து ஜெயிச்ச கையோட அப்படியே போயிடலாமே." ஜெயித்தார்கள்.

மூன்றாவதிலும் அதே கை. அது தோற்றது. நாலாவதுக்கு சிஹோ பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டாள். ஒபாதா கையை லேசாகத் தூக்கினார். "தோத்த மறுநாள்... மாத்தினா... ம்."

அஞ்சாவது ஆட்டத்தை டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். டிவி வந்தால் பழகின முகம் வேண்டுமாம். ஆறாவது, அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணியோடு. இதைவிட நல்ல நாள் எது? சிஹோ வாய்விட்டே கேட்டாள்.

"அதாங்க பயமா இருக்கு" என்றது லிஃப்ட் குரல். "கடைசி இடத்துல இருக்கிறவங்ககிட்ட தோத்துட்டா மானம் போயிடும் இல்லீங்களா? உங்க மேல பழி வந்துடக் கூடாதுன்னு பாக்குறேன், சிஹோ சான்."

ஏழாவதும் ஜெயித்தாகிவிட்டது. இனி எட்டாவதில் தோற்றாலும் முதல் நாலுக்குள் இருப்பது உறுதி. மடோகாவே தேடி வந்து சொன்னாள்: "நாளைக்கு நீங்கதான். யுகினோகிட்ட சொல்லிட்டேன்."

சிஹோ அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். தெரு தொழிற்சாலைக்குச் சொன்னது. இசாவா சான், காலையில் மூன்று மணி நேரம் சிப்பி உடைப்பதை நிறுத்தி வைத்து, சாப்பாட்டு அறையில் டிவியைப் போட ஏற்பாடு செய்தார். அந்தத் தொழிற்சாலையில் நிலநடுக்கத்துக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலையை நிறுத்தியது கிடையாது.

அன்று சாயங்காலம் சிஹோ எட்டுக் கல்லையும் விட்டுப் பார்த்தபோது, அக்கா தங்கை ஜோடியான ரெண்டையும் ஏழையும் தனக்கென்று எழுதிக்கொண்டாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சீட்டில் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு, ஒரு தடவை அந்தச் சீட்டை மடித்து, பிரித்து, மறுபடி பார்த்தாள்.

காலையில் ஒபாதா ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னிக்கு ஜெயிச்சா ரெண்டாவது இடம்... தோத்தா நாலாவது. ரெண்டாவதா போனா... ஒரு தடவை தோத்தாலும்... இன்னொரு வாய்ப்பு... ம்."

சிஹோ மடோகாவைப் பார்த்தாள். மடோகா தன் ஷூ நாடாவைப் பார்த்தாள்.

"சிஹோ சான், உங்களுக்கே தெரியும். எல்லாருக்காகவும்தானே."

சிஹோ சீட்டை எடுத்து, தன் பெயரை அடித்து, மேலே யுகினோ என்று எழுதிக் கொடுத்தாள். எழுத்துகூடக் கோணவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் நாற்பது பேர் மூன்று மணி நேரம் யுகினோவைப் பார்த்தார்கள். "முடியை வெட்டிக்கிட்டாளா?" என்று இசாவா சான் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டாராம். இடைவேளையில் தட்டு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

"ஊரையே உட்கார வச்சியே, உன்னைக் காணோமேடி" என்றாள் அம்மா போனில். "ஆரஞ்சு மட்டும் வருது, போகுது."

ஆட்டத்தில் தோற்றார்கள். நாலாவது இடம்தான். அதற்கப்புறம் நடந்த முதல் ஆட்டத்தைத் தட்டுத்தடுமாறி ஜெயித்து அரையிறுதிக்கு வந்தார்கள். ஆக, இனிமேல் சிஹோவுக்கு ஒரு முழு ஆட்டம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. அவளும் கேட்கவில்லை. ஷூவை மட்டும் பழக்கதோஷத்தில் மாட்டிக்கொண்டாள்.

அரையிறுதியில் ஒன்பதாவது சுற்றில் எதிரணி மூன்று புள்ளி எடுத்தது. பாக்கி ஒரே ஒரு சுற்று, நாலு புள்ளி பின்னால். இந்த நிலையில் தோற்கிற அணியின் கேப்டன் கையுறையைக் கழற்றி, போய்க் கைகுலுக்கி, ஆட்டத்தை முடித்துக்கொள்வதுதான் மரியாதை. எதிரணி அதற்குத் தயாராக நின்றது. அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே கையுறையைத் தளர்த்திவிட்டார்கள்.

மடோகா பெஞ்சுப் பக்கம் நடந்து வந்தாள். அவள் முகத்தில் ஒரு கனிவு இருந்தது. அந்தக் கனிவைப் பார்த்ததுமே என்ன வரப்போகிறது என்று சிஹோவுக்குத் தெரிந்தது.

ஜப்பான் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. வருடம் பூரா பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையை, கடைசி ஆட்டம் தோற்பது உறுதியான பிறகு, கடைசி நிமிடத்தில் உள்ளே விடுவார்கள். ஞாபகத்துக்கு. எல்லாரும் எழுந்து கைதட்டுவார்கள். அந்தப் பிள்ளை அழும். அம்மா படம் எடுப்பாள். சிஹோ தானே அப்படி எத்தனையோ பேருக்குக் கைதட்டியிருக்கிறாள்.

"சிஹோ சான், வாங்க" என்றாள் மடோகா. "ஞாபகத்துக்கு ஒரு சுத்து."

வேண்டாம் என்று சொல்லத்தான் சிஹோ வாயைத் திறந்தாள். பத்து வரி கைவசம் இருந்தது. ஆனால் ஷூ மாட்டிய கால் ரெண்டும் அவளைக் கேட்காமலே ஐஸில் இறங்கிவிட்டன.

யுகினோ குனிந்து வணங்கி வெளியே போனாள். எதிரணிக்காரிகள் புரிந்துகொண்டு கையுறையை மறுபடி இழுத்து மாட்டினார்கள். கூட்டம் கைதட்டியது. அது ஜெயிக்கிறவர்களுக்கு விழும் சடசடப்பு இல்லை. வயசானவர் படியேறி முடித்ததும் கிடைக்கிற மெத்தென்ற கைதட்டல். டிவியில் வர்ணனையாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பதினோரு ஆண்டுகள் பெஞ்சிலிருந்து அணியைத் தாங்கிய யொனேகுரா வீராங்கனை" என்று ஆரம்பித்தார். இசாவா சான் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்றார்.

சிஹோ கல்லைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். மூன்று. மூன்றுக்கு ஆரம்பத்தில் ஒரு தள்ளு கூடுதலாக வேண்டும், அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும். முதல் கல் வட்டத்துக்கு முன்னால், இடப்பக்கம், காவலுக்கு நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. மடோகாவின் பிரஷ் காட்டிய இடத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு விரல்கூட இல்லை. நாலு புள்ளி முன்னால் இருக்கிற எதிரணி வம்பு வேண்டாமென்று தன் கல்லை வட்டத்தைத் தாண்டி வெளியே விட்டது. சிஹோவின் இரண்டாவது கல் வலப்பக்கம், அதே தூரத்தில், முதல் கல்லுக்குக் கண்ணாடி பிடித்த மாதிரி நின்றது.

இரண்டு பக்கமும் காவல். நடுவில் வட்டம் காலி. கையில் இன்னும் ஆறு கல், கடைசிக் கல்லும் தங்களுடையது. நாலு புள்ளி எடுக்க இதைவிட நல்ல ஆரம்பம் கர்லிங்கில் கிடையாது. சிஹோ பிரஷ்ஷைக் கையில் பிடித்துத் தேய்க்கத் தயாராகத் திரும்பினாள்.

மடோகா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?" என்றாள் சிஹோ.

"ரெண்டு கல்லும் ரொம்ப நல்லா இருந்துச்சு, சிஹோ சான். போதுமே."

"இன்னும் ஆறு கல்லு இருக்கு. வட்டம் காலியா இருக்கு பாரு."

"அவங்க காத்துட்டு இருக்காங்க." குரல் இன்னும் மெதுவானது. "உங்களுக்காக அவங்களும் நின்னு குடுத்தாங்க. இதுக்கு மேல இழுத்தா மரியாதையா இருக்காதுங்க."

கைகுலுக்கினார்கள். எதிரணிக் கேப்டன் சிஹோவின் கையை ரெண்டு கையாலும் பிடித்து, "இத்தனை வருஷம் கஷ்டப்பட்டீங்க" என்றாள். சிஹோ குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. கேமரா பக்கத்தில் வந்து அதைப் பிடித்தது. பார்த்தவர்கள் எல்லாரும் நெகிழ்ச்சி என்று நினைத்தார்கள். அது முழுக்கக் கோபம்.

கர்லிங்கில் ஒவ்வொரு கல்லுக்கும் மார்க் போட்டு, ஆளுக்கு இத்தனை சதவீதம் என்று கணக்கு வெளியிடுவார்கள். மடோகாவுக்கு எழுபத்தெட்டு. யுகினோவுக்கு எண்பத்தொன்று. சிஹோ, ரெண்டு கல், நூறு. ஊர்ப் பத்திரிகை அந்த நூறைப் பெரிய எழுத்தில் போட்டது. இசாவா சான் அதைப் பெரிதாக்கி, கைகழுவும் இடத்துக்கு மேலே ஒட்டினார். பல் டாக்டர், "நூறு சதவீதம் சான், உள்ள வாங்க" என்றார். சிஹோ அன்றைக்குப் பல்லைக் காட்டாமலே திரும்பி வந்துவிட்டாள்.

பனி உருகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மடோகா சிஹோவின் வீட்டுக்கு வந்தாள். கையில் அழகாகச் சுற்றிய இனிப்புப் பெட்டி. உட்கார்ந்து, வெயிலைப் பற்றிப் பேசி, அம்மாவின் மூட்டுவலியை விசாரித்து, அப்புறம்தான் வந்த விஷயத்துக்கு வந்தாள். யுகினோ சப்போரோ நகரத்தில் வேலை கிடைத்துப் போகிறாள். முதல் ஆள் இடம் காலி.

சிஹோவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"அந்த இடத்துக்கு ஜூனியர் அணியில இருந்து ஒரு பொண்ணு வர்றா" என்றாள் மடோகா. "பத்தொன்பது வயசு. கல்லைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதனாலதான் நீங்க கண்டிப்பா வேணும். யாரு வேணா கல்லை விட்டுடலாம், சிஹோ சான். கல்லோட குணம் சொல்ல உங்களை விட்டா ஆள் கிடையாது. உங்களை ஆட விட்டுட்டா அந்த வேலையை யாரு பாக்குறது?"

பதினோரு வருடமாக யாரும் சொல்லாத உண்மை, இனிப்புப் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தது. அவள் மோசமாக ஆடுகிறாள் என்பதல்ல காரணம். பெஞ்சு வேலையை ரொம்ப நன்றாகச் செய்துவிட்டாள்.

"ஒரு முழு ஆட்டம்னு சொன்னேன்" என்றாள் சிஹோ.

"அரையிறுதியில ஆடினீங்களே." மடோகாவுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "ஊரே அழுதுச்சுங்க."

"கமிஹோரோ அணிக்குப் போறேன். போன வாரம் சொல்லிட்டேன்."

கமிஹோரோ, ரெண்டு ஊர் தள்ளி. வெங்காயம் விளையும் ஊர். அவர்களுக்கு ஒரு பெண்கள் அணி உண்டு என்பதே மடோகாவுக்குக் கொஞ்சம் யோசித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வட்டாரப் போட்டியில் வருடா வருடம் கடைசி. அதன் மூத்த ஆள் செட்சுகோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. டிராக்டர் ஓட்டுகிற கையால் கல்லை விடுவாள், கல்லும் டிராக்டர் மாதிரியே போகும்.

"அங்க போயா?" என்றாள் மடோகா. "அவங்க தோத்துட்டே இருப்பாங்களே, சிஹோ சான்."

"கேப்டனா வரச் சொல்லியிருக்காங்க."

அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "மடோகா, டீ குடிச்சிட்டுப் போம்மா. ஆரஞ்சு இருக்கு. நார் எடுக்கல, நீயே எடுத்துக்கோ."

சிஹோ நினைத்தது என்னவென்றால், தன்னை ஆட மட்டும் விட்டால் தன் ஆட்டம் எப்பேர்ப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று. கமிஹோரோவுக்கு ஆட ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது. பதினோரு வருடம் அவள் விட்ட கல் எல்லாம் ஆளில்லாத ஐஸில், எதிரே ஒரு கல்கூட இல்லாத வட்டத்தில் விட்டவை. எதிரியின் கல்லை அடித்து வெளியே தள்ள வேண்டிய இடத்தில் அவள் கல் பக்கத்தில் உரசிக்கொண்டு போயிற்று. கடைசிக் கல்லுக்கு நேரம் ஓடும்போது கை கனத்தது. அந்த வருட வட்டாரப் போட்டியில் அவள் கணக்கு நாற்பத்தாறு சதவீதம். செட்சுகோவுக்கே ஐம்பத்தொன்று.

"பரவால்ல சிஹோ, எனக்கும் முதல் வருஷம் இப்படித்தான்" என்று செட்சுகோ தேற்றினாள். "இருபதாவது வருஷமும் இப்படித்தான்."

சிஹோ ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் பொரிந்தாள். ஐஸ் சரியில்லை, தேய்க்கிறவர்கள் சரியில்லை, செட்சுகோ தும்முகிறாள். அம்மா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்ப நீ ஆடினது சரியா?" என்றாள். சிஹோ தன் தட்டு மீனைப் புரட்டிப் போட்டாள். "இல்ல" என்றாள். அப்படிச் சொன்னதில் அவளுக்கு வந்த கடுப்பு, பழைய கடுப்பு மாதிரி இல்லை. இது அவளுடைய சொந்தக் கடுப்பு. இதை மடோகா தலையில் கட்ட முடியாது. அது இன்னும் கடுப்பாக இருந்தது.

வட்டாரப் போட்டியின் கடைசி நாளில் தொகினை அணியோடு ஆட்டம். கூடம் சிஹோவின் சொந்த ஊர்க் கூடம்தான். இசாவா சான் தொழிற்சாலை ஆட்களோடு வந்து, யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் ரெண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி தட்டினார். எட்டாவது சுற்று முடிந்தபோது பதினொன்றுக்கு இரண்டு. ஒன்பது புள்ளி பின்னால். அந்த இரண்டு புள்ளியில் ஒன்று தொகினையின் புதுப்பெண் தவறுதலாகத் தள்ளி விட்டுக் கொடுத்தது.

செட்சுகோ பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள்: "கை குடுத்துடலாமா, சிஹோ? எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க. எனக்கு முட்டியும் போச்சு. அஞ்சாவது சுத்துலயே குடுத்திருக்கலாம்."

"முட்டி போனா உட்காருங்க. மூணு பேரா ஆடுறோம்."

"மூணு பேரா?" செட்சுகோ ஒரு நிமிடம் யோசித்தாள். "இல்ல, நின்னுக்கிறேன். வீட்டுக்குப் போனா வெங்காயம் தரம் பிரிக்கணும்."

ஒபாதா எதிர்ப்பக்கம் பெஞ்சில் கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப... வழக்கமா... ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் சிலர் கோட்டைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒன்பது புள்ளி, ரெண்டு சுற்று. யாராக இருந்தாலும் முடித்துக்கொள்வார்கள். மடோகாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, முகத்தில் அந்தப் பழைய கனிவோடு, கையை நீட்டிக்கொண்டே வந்தாள்.

"ரொம்ப நல்லா ஆடினீங்க, சிஹோ சான். போதுமே, உங்களுக்கும் அலுப்பா இருக்கும்."

சிஹோ அந்தக் கையைப் பார்த்தாள். பிரஷ்ஷை ஐஸில் ஊன்றிக்கொண்டு, கூடத்தில் கோட்டுப் போட்டவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கையை எடு மடோகா, கிளவுஸைப் போட்டுக்கோ. இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்கு, அதுல என் கல்லு நாலு. நாலும் வெளிய போனாலும் சரி, நான் விட்டுத்தான் போகணும், நீ நின்னு பாத்துத்தான் ஆகணும். அலுப்பா இருந்தா உன் அஞ்சாவது ஆளை உள்ள கூப்பிட்டுட்டு நீ போய் உட்காரு. நான் இன்னும் தோத்து முடிக்கல."